முடிவைச் சொல்லாமல் கதை பேசுவது

புதிய த்ரில்லர் நாவல் ஒன்று வெளியாகிற வாரத்தில், அதை எழுதியவரை வானொலியிலும் புத்தகக் கடை மேடையிலும் உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். அந்த உரையாடல்களைத் தொடர்ந்து கேட்கிறவர்களுக்கு ஒன்று புலப்பட்டிருக்கும். தன் நாவலைப் பற்றி அவர் சொல்வது கொஞ்சம்தான். சமீபத்தில் என்ன படித்தீர்கள் என்ற கேள்வி வந்ததும் முகம் மலர்ந்து, மற்றவர்கள் எழுதிய நான்கைந்து புத்தகங்களைப் பற்றி மனம்விட்டுப் பேசுவார். தன் புத்தகத்தை விற்க வந்த இடத்தில் அடுத்தவர் புத்தகத்தை ஏன் இப்படிப் புகழ்கிறார்? அடக்கம் என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள், தொழில் மரியாதை என்று சிலர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் முக்கியமான காரணம் வேறு என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் அவருடைய சங்கடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். குடும்பக் கதையோ சரித்திரக் கதையோ எழுதியவர் மேடையில் கதையை முழுக்கச் சொல்லிவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. த்ரில்லர் எழுதியவருக்கு அந்தச் சலுகை கிடையாது. மாதக்கணக்கில் உழைத்து அவர் எதை ஒளித்துவைத்தாரோ அதுதான் புத்தகத்தின் உயிர். அதை மட்டும் அவர் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. ஜில்லியன் ஃப்ளின் எழுதி 2012 ஜூன் மாதம் வெளிவந்த 'கான் கேர்ள்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். ஐந்தாவது திருமண நாளன்று மனைவி காணாமல் போகிறாள். சந்தேகம் கணவன்மேல் விழுகிறது. ஃப்ளின் வெளிப்படையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஆனால் அந்த நாவலைப் பேச்சுப்பொருளாக்கியது அதன் நடுவில் வரும் திருப்பம். அதுவரை படித்த பக்கங்களையெல்லாம் மறுபடி புரட்டிப் பார்க்கவைக்கிற திருப்பம் அது. எழுதியவருக்கு மிகவும் பெருமை தரும் இடமும் அதுவாகத்தான் இருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச அவருக்கு வழியில்லை.

மற்றக் கலைகளில் ரகசியத்தைக் காப்பது இவ்வளவு கடினமில்லை. அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' நாடகம் 1952 முதல் லண்டனில் நடந்துவருகிறது. கொரோனாக் காலத்து இடைவெளி நீங்கலாக நிற்கவே இல்லை. நாடகம் முடிந்ததும், கொலையாளி யார் என்பதை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம். ஹிட்ச்காக் 1960இல் 'சைக்கோ' படத்தை வெளியிட்டபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டார். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் அரங்கம் என்று ஒன்று இருக்கிறது, கதவைச் சாத்திவிடலாம். நாவலாசிரியருக்கு அந்த வசதி இல்லை. ஊர் ஊராகப் போய், வாரக்கணக்கில், சொல்லக் கூடாத ஒன்றைச் சுற்றியே பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

வாசகர் நிலையும் எளிதல்ல. "கீழே வைக்க முடியாது", "கடைசிப் பக்கம்வரை ஊகிக்க முடியாது" என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை அவர் நம்புவதில்லை. எல்லா அட்டையிலும் அதுதான் இருக்கிறது. இந்தப் புத்தகம் எந்த மாதிரி பயத்தைத் தரும், எந்த மாதிரி மனிதர்களைக் காட்டும், தன் இரண்டு இரவுகளை இதற்குக் கொடுக்கலாமா என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார். கதையைத் தொடாமல் இதற்குப் பதில் சொல்ல ஒரே வழி, அந்தக் கதை எந்தக் குடும்பத்தில் பிறந்தது என்று சொல்வது. எழுத்தாளர் தனக்குப் பிடித்த புத்தகங்களைப் பட்டியலிடும்போது அதைத்தான் செய்கிறார். தன் நாவலைப் பற்றி அவர் தரும் மிக நேர்மையான விவரணை அந்தப் பட்டியல்தான் என்பது என் கட்சி.

த்ரில்லர் எழுத்தாளர் பௌலா ஹாக்கின்ஸை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 1972இல் இன்றைய ஜிம்பாப்வேயின் தலைநகரான ஹராரேயில் பிறந்தவர். 1989இல் லண்டனுக்கு வந்தார். 'தி டைம்ஸ்' நாளிதழின் வணிகப் பிரிவில் வேலை பார்த்தார், பெண்களுக்குப் பண நிர்வாகம் சொல்லித்தரும் புத்தகம் ஒன்று எழுதினார். பிறகு ஏமி சில்வர் என்ற புனைபெயரில் காதலும் சிரிப்புமாகச் சில நாவல்கள். அவை பெரிதாக விற்கவில்லை, அந்த வகை எழுத்து அவர் மனசுக்கு ஒட்டவும் இல்லை. கையில் பணம் தீர்ந்த நிலையில், அப்பாவிடம் கடன் வாங்கித்தான் அடுத்த நாவலை எழுதி முடித்தார். 2015 ஜனவரியில் வெளியான 'தி கேர்ள் ஆன் தி டிரெய்ன்' அதுதான். உலகெங்கும் இரண்டு கோடிப் பிரதிகளுக்குமேல் விற்றது. 2016இல் எமிலி ப்ளன்ட் நடித்து ஹாலிவுட் படமானது, 2021இல் பரினீதி சோப்ரா நடித்து இந்திப் படமானது.

கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். ரேச்சல் தினமும் காலையில் லண்டனின் யூஸ்டன் நிலையத்துக்கு ரயிலில் போகிறாள். சிக்னலுக்காக ரயில் நிற்கும் இடத்தில் ஒரு வரிசை வீடுகளின் பின்பக்கம் தெரியும். அதில் ஒரு வீட்டில் இருக்கும் இளம் தம்பதியைப் பார்த்துப் பார்த்து, அவர்களுக்குத் தானே பெயர் வைத்து, அவர்கள் வாழ்க்கையைக் கற்பனையில் கட்டியெழுப்புகிறாள். அந்த வீட்டிலிருந்து சில கதவு தள்ளித்தான் ஒருகாலத்தில் அவளும் வாழ்ந்தாள். இப்போது அங்கே அவளுடைய முன்னாள் கணவனும் அவனுடைய இரண்டாம் மனைவியும் இருக்கிறார்கள். ஒருநாள் அந்த இளம்பெண் காணாமல் போகிறாள். ரேச்சல் குடிப்பவள். அன்று இரவு தான் எங்கே இருந்தோம், என்ன செய்தோம் என்பது அவளுக்கே நினைவில்லை. ஹாக்கின்ஸும் லண்டனுக்குள் ரயிலில் வேலைக்குப் போய்வந்த நாட்களில் இப்படித்தான் வீடுகளை வேடிக்கை பார்த்தபடி போவாராம்.

இனி அவர் படித்தவற்றுக்கு வருவோம். தனக்குப் பிடித்த நாவல்கள் என்று ஹாக்கின்ஸ் சொல்லிவந்தவற்றில் முக்கியமானது டோனா டார்ட் 1992இல் வெளியிட்ட 'தி சீக்ரெட் ஹிஸ்டரி'. வெர்மான்ட் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் பண்டைய கிரேக்கம் படிக்கும் ஒரு சின்ன நண்பர் கூட்டம். அவர்களில் ஒருவன் கொல்லப்படுகிறான். செத்தவன் யார், கொன்றவர்கள் யார் என்பதெல்லாம் முதல் சில பக்கங்களிலேயே தெரிந்துவிடும். இதைச் சொல்வதால் நான் எதையும் கெடுத்துவிடவில்லை, ஆசிரியரே அங்கேதான் தொடங்குகிறார். அதற்குப் பிறகும் ஐந்நூறு பக்கத்துக்குமேல் நம்மைப் பிடித்து இழுத்துப்போவது, எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள், செய்த பிறகு ஒவ்வொருவரும் என்ன ஆனார்கள் என்ற கேள்விதான். இந்த நாவலை நெஞ்சில் வைத்திருப்பவர் எழுதும் த்ரில்லர் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். "யார் செய்தது" என்ற கேள்வி அதில் இருக்கும். ஆனால் அவர் நிஜமாகக் கவலைப்படுவது குற்றவுணர்ச்சியைப் பற்றியும், மனிதர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் பொய்களைப் பற்றியும்தான் இருக்கும். 'தி கேர்ள் ஆன் தி டிரெய்ன்' படித்தவர்களுக்கு இது எவ்வளவு சரி என்று தெரியும். படிக்காதவர்களுக்கு, ஒரு முடிச்சும் அவிழாமல், நாவலின் சுவை தெரிந்துவிட்டது.

இதே முறையில் மற்ற பழைய பெயர்களையும் படிக்கலாம். த்ரில்லர் எழுதும் பெண்கள் அடிக்கடி சொல்லும் பெயர் டாஃப்னி டு மோரியேவின் 'ரெபெக்கா'. 1938இல் வந்த நாவல். கடைசிவரை தன் பெயரே சொல்லப்படாத ஒரு இளம்பெண், மனைவியை இழந்த செல்வந்தர் ஒருவரை மணந்துகொண்டு அவருடைய பெரிய மாளிகைக்கு வருகிறாள். செத்துப்போன முதல் மனைவி அந்த வீட்டின் ஒவ்வொரு அறையிலும் இருக்கிறாள். யாராவது இதைத் தன் பட்டியலில் வைத்தால், தன் கதையில் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் பொறாமை இருக்கிறது, ஒரு பெண் இன்னொரு பெண்ணின் நிழலில் நிற்கிறாள் என்று சொல்கிறார். ஹாக்கின்ஸின் நாவலை 'ரெபெக்கா'வுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. இங்கே முதல் மனைவி சாகவில்லை. உயிரோடு, தினமும் ரயிலில் அந்த வீட்டைக் கடந்து போகிறாள். இரண்டாம் மனைவியோ முதலாமவள் தேர்ந்தெடுத்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டியிருக்கிறது. டு மோரியே அன்று எழுப்பிய பயத்தை இன்றைய புறநகர் வாழ்க்கைக்குள் கொண்டுவந்தால் இப்படித்தான் இருக்கும். ஹாக்கின்ஸ் இதை நினைத்து எழுதினாரா என்பது வேறு விஷயம். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிறவருக்குக் கிடைக்கும் லாபம் நிச்சயம்.

பாட்ரீசியா ஹைஸ்மித் பெயரைச் சொன்னால் சேதி வேறு. அவருடைய முதல் நாவல் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ டிரெய்ன்' 1950இல் வந்தது, அடுத்த ஆண்டே ஹிட்ச்காக் படமாக்கினார். ரயிலில் சந்திக்கும் இரண்டு அந்நியர்களில் ஒருவன் ஒரு யோசனை சொல்கிறான்: உனக்கு வேண்டாதவரை நான் கொல்கிறேன், எனக்கு வேண்டாதவரை நீ கொல். 1955இல் 'தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி' வந்தது. ஹைஸ்மித்தைப் படிக்கும்போது நாம் போலீஸ் பக்கம் நிற்பதில்லை. குற்றம் செய்கிறவனுக்குள் உட்கார்ந்துகொண்டு, அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பதறுகிறோம். அதை உணர்ந்ததும் நம்மைப் பற்றியே ஒரு கலக்கம் வரும். இந்தக் கலக்கத்தை விரும்பும் எழுத்தாளர்தான் ஹைஸ்மித்தைச் சிபாரிசு செய்வார். அகதா கிறிஸ்டியின் 1939ஆம் ஆண்டு நாவலான 'அண்ட் தென் தேர் வேர் நன்'னைச் சொல்கிறவர், தன் புத்தகத்தில் தடயங்கள் எல்லாம் வாசகர் கண்முன்னேயே இருக்கும் என்று வாக்குக் கொடுக்கிறார். தீவில் மாட்டிக்கொண்ட பத்துப் பேரில் ஒவ்வொருவராகச் சாகும் கதை அது. தீவு என்றதும் ஹாக்கின்ஸ் 2024இல் எழுதிய 'தி புளூ அவர்' நினைவுக்கு வருகிறது. கடல் உள்வாங்கும்போது மட்டுமே நடந்து போகக்கூடிய ஒரு ஸ்காட்லாந்துத் தீவு. அங்கே வாழ்ந்து மறைந்த பெண் கலைஞர் ஒருவரின் சிற்பம் லண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்டிருக்கிறது. அதில் பதித்திருக்கும் எலும்பு மனித எலும்பு என்று ஒருவர் சொல்கிறார். கதை அங்கே தொடங்குகிறது.

"சமீபத்தில் என்ன படித்தீர்கள்?" என்ற கேள்வி எழுத்தாளர்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு நாவலை எழுதி முடித்துக் கொடுத்த பிறகு அது கடைக்கு வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும், சிலசமயம் அதற்குமேலும். பதிப்பாசிரியர் திருத்தங்கள், அட்டை வடிவமைப்பு, விமர்சகர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் முன்கூட்டியே அனுப்பும் பிரதிகள் என்று பல படிகள். கடைசியில் இங்கிலாந்தில் ஒரு வியாழக்கிழமையும் அமெரிக்காவில் ஒரு செவ்வாய்க்கிழமையும் புத்தகம் கடைக்கு வரும், பெரும்பாலான புதுப்புத்தகங்களுக்கு அங்கே அந்தக் கிழமைகள்தான். முன்பதிவு செய்த பிரதிகளெல்லாம் அந்த முதல் வாரக் கணக்கில் சேர்வதால், அந்த வாரம் ஓடியோடிப் பேசியாக வேண்டும். ஆனால் எழுதியவர் மனசு அதற்குள் அடுத்த நாவலின் ஏழாவது அத்தியாயத்தில் இருக்கும். விளம்பரம் செய்யும் புத்தகம் அவருக்குப் பழையது, எழுதிக்கொண்டிருப்பதைப் பற்றிப் பேச முடியாது. அன்றைய தேதியில் அவர் மனசு எங்கே இருக்கிறதோ அங்கிருந்து பேச இடம் கொடுப்பது இந்தக் கேள்வி மட்டும்தான். குரலில் வரும் அந்த உற்சாகம் நடிப்பு இல்லை.

ஆனாலும் எல்லாப் பட்டியலையும் அப்படியே நம்பச் சொல்லமாட்டேன். ஒரே பதிப்பகத்துக்காரர்கள், ஒரே ஏஜென்ட்டின் கீழ் இருப்பவர்கள், நேற்று தன் நாவலின் அட்டைக்குப் புகழுரை கொடுத்தவர் என்று கடன் தீர்க்கிற சிபாரிசுகள் உண்டு. புகழுரை கேட்டு அலைவதும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பதும் எழுத்தாளர்களின் நேரத்தைத் தின்கிறது என்ற முறையீடு அமெரிக்கப் பதிப்புலகில் பலகாலமாக இருக்கிறது. 2025 தொடக்கத்தில் சைமன் அண்ட் ஷூஸ்டர் நிறுவனத்தின் முதன்மைப் பதிப்பகப் பிரிவு, இனித் தங்கள் எழுத்தாளர்கள் புகழுரை வாங்கித் தர வேண்டிய கட்டாயமில்லை என்று அறிவித்தது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

அதேசமயம் கடனும் கணக்கும் இல்லாமல் வரும் ஒரு வார்த்தைக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதையும் பார்க்க வேண்டும். 1961இல் அமெரிக்க அதிபர் கென்னடிக்குப் பிடித்த பத்துப் புத்தகங்கள் என்று 'லைஃப்' இதழ் ஒரு பட்டியல் போட்டது. கனமான சரித்திர நூல்களுக்கும் ஸ்டெந்தாலின் நாவலுக்கும் நடுவில் இயன் ஃப்ளெமிங்கின் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' இருந்தது. அதன் பிறகுதான் ஜேம்ஸ் பாண்ட் நாவல்கள் அமெரிக்காவில் பெரிய அளவில் விற்கத் தொடங்கின. 'தி கேர்ள் ஆன் தி டிரெய்ன்' வந்த புதிதில், அது தன்னை இரவு வெகுநேரம் தூங்கவிடவில்லை என்று ஸ்டீபன் கிங் ட்விட்டரில் எழுதினார். 2016 கோடை விடுமுறைக்கு ஒபாமா எடுத்துப்போன புத்தகங்களிலும் அந்த நாவல் இருந்தது.

கடனுக்காகச் சொல்வதையும் மனசாரச் சொல்வதையும் பிரித்தறிவது ஒன்றும் கடினமில்லை. கடனுக்குச் சொல்கிறவர் "அற்புதம்", "பிரமாதம்" என்று நிறுத்திக்கொள்வார். நிஜமாகப் படித்தவர் ஏதாவது ஒரு குறிப்பிட்ட விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பேசுவார்: கதை சொல்லும் பாத்திரத்தின் குரல், அத்தியாயங்கள் அறுபடும் விதம், ஊரின் மழை, ஒரு சாப்பாட்டு மேசைக் காட்சி. கிரகாம் கிரீன் 1970இல் ஹைஸ்மித்தின் சிறுகதைத் தொகுப்புக்கு முன்னுரை எழுதினார். அவரும் த்ரில்லர் எழுதியவர்தான். ஹைஸ்மித்தின் உலகத்துக்குள் நுழைந்தால் வாசகர் மனசில் என்ன மாதிரி அச்சம் பரவுகிறது என்பதை அவரால் துல்லியமாக எடுத்துச் சொல்ல முடிந்தது. ஒரு தச்சர் இன்னொரு தச்சர் செய்த கதவின் பொருத்தைத் தடவிப்பார்ப்பதுபோலத்தான் எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் படிக்கிறார்கள். நமக்குக் கண்ணில் படாத இடத்தில் அவர்கள் விரல் நிற்கும்.

குற்றக் கதை எழுதுகிறவர்களிடம் இந்தப் பழக்கம் மற்றவர்களைவிட அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1930இல் லண்டனில் 'டிடெக்ஷன் கிளப்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஜி.கே. செஸ்டர்டன் முதல் தலைவர். கிறிஸ்டியும் டாரதி எல். சேயர்ஸும் உறுப்பினர்கள். வாசகரை ஏமாற்றாமல், நியாயமாக மர்மம் பின்னுவோம் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். ஆளுக்கொரு அத்தியாயமாகச் சேர்ந்து 'தி ஃப்ளோட்டிங் அட்மிரல்' என்ற நாவலையும் 1931இல் வெளியிட்டார்கள். சேயர்ஸ் 1933 முதல் 1935 வரை 'தி சண்டே டைம்ஸ்' ஞாயிறு இதழில் குற்ற நாவல்களுக்கு மதிப்புரை எழுதினார், சக எழுத்தாளர்களின் வேலையை வரிக்கு வரி கவனித்து.

இன்று அந்த வகை எழுத்தாளர்கள் கூடுமிடம் வடக்கு இங்கிலாந்தின் ஹாரோகேட். 2003 முதல் ஜூலை மாதம் அங்கே குற்றக் கதை எழுத்தாளர்களின் விழா நடக்கிறது. நடக்கும் இடம் ஓல்ட் ஸ்வான் ஹோட்டல். 1926 டிசம்பரில் அகதா கிறிஸ்டி திடீரென்று காணாமல் போய், நாடே தேடி, 11 நாட்கள் கழித்து அவரைக் கண்டுபிடித்தது அந்த ஹோட்டலில்தான். கணவர் காதலித்த பெண்ணின் குடும்பப் பெயரில் அவர் அங்கே அறை எடுத்திருந்தார். ஏன் போனார் என்று தன் சுயசரிதையில்கூட அவர் விளக்கவில்லை. புதிய நாவலோடு வருகிற இளம் எழுத்தாளர்கள் அந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்துதான் வாசகர்களோடு பேசுகிறார்கள்.

அடுத்த முறை ஒரு த்ரில்லர் எழுத்தாளரின் பேட்டி கிடைத்தால் இப்படிச் செய்து பாருங்கள். அவர் தன் கதையைச் சொல்லும் பகுதியை மேலோட்டமாகக் கேட்டால் போதும். பிடித்த புத்தகங்கள் என்று அவர் சொல்கிறவற்றில் நீங்கள் ஏற்கெனவே படித்தது எது என்று பாருங்கள். அது உங்களுக்கும் பிடித்திருந்தால் அவர் நாவலைத் தயங்காமல் வாங்கலாம். அதே பட்டியலில் நீங்கள் கேள்விப்படாத பெயர் ஒன்று இருந்து, அதைப் பற்றி அவர் சற்று நீட்டிப் பேசியிருந்தால், அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். எனக்குப் பல நல்ல புத்தகங்கள் வந்து சேர்ந்தது அந்த வழியில்தான்.

பழையவற்றையே அடுக்கிக்கொண்டிருந்தேன், புதிதாக ஒன்றும் சொல்லிவிடுகிறேன். நைஜீரிய எழுத்தாளர் ஓயின்கான் பிரைத்வெய்ட்டின் 'மை சிஸ்டர், தி சீரியல் கில்லர்', 2018இல் வந்து அடுத்த ஆண்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. சின்னப் புத்தகம், அத்தியாயங்கள் ஒன்றிரண்டு பக்கம்தான். லாகோஸ் நகரத்து மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் கொரெடேவுக்கு ஓர் இரவு தங்கை அயூலாவிடமிருந்து போன் வருகிறது. தங்கை தன் காதலனைக் கொன்றுவிட்டாள், இது முதல் தடவையும் இல்லை. அக்கா பிளீச்சும் கையுறையும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். கொலையாளி யார் என்பதில் ரகசியமே இல்லை. அக்கா எவ்வளவு தூரம் போவாள் என்பதுதான் கதை, அதை நான் சொல்லமாட்டேன்.